பாப்வைட் காடை வேட்டை ஏன் ஓய்ந்தது? ஜார்ஜியா, வட ஃபுளோரிடா நிலங்களை முன்வைத்து

#1 செம்மண்மேடு

அமெரிக்கத் தென்கிழக்கில் காடை வேட்டை ஓய்ந்துபோனதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே "சுட்டே தீர்த்துட்டாங்க" என்று ஒருவர் சொல்லிவிடுவார். அதோடு பேச்சும் முடிந்துவிடும். அங்கே வேட்டையாடப்படும் பாப்வைட் என்ற இந்தக் காடைக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை என்பதால்தான் தனி இழை தொடங்குகிறேன்.

பாப்வைட் நம் ஊர்க் கடையில் விற்கும் ஜப்பானியக் காடை அல்ல, குடும்பமே வேறு. எடை ஏறக்குறைய 170 கிராம். இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை பத்துப் பன்னிரண்டாகக் கூட்டம் சேர்ந்து திரியும். இரவில் வால் உள்ளே, தலை வெளியே என்று வட்டம் கட்டித் தரையில் படுக்கும். துப்பாக்கிச் சத்தமே கேட்காத இடத்தில்கூட ஓர் ஆண்டில் நூற்றுக்கு 70–80 பறவைகள் செத்துவிடும். அந்த இழப்பை ஈடுகட்டுவது இனப்பெருக்க வேகம்: கூட்டுக்கு 12–16 முட்டை, 23 நாள் அடைகாப்பு, கூடு கலைந்தால் மறுபடி கூடு.

ஆக, ஆண்டுதோறும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை குஞ்சு தேறியது? அதைத் தீர்மானிப்பது கணுக்கால் உயரத்தில் உள்ள நிலம். முட்டையிலிருந்து வரும் குஞ்சு 6–7 கிராம்தான். முதல் இரண்டு வாரம் அதன் தீனி பெரும்பாலும் பூச்சி. அது ஓடித் திரியக் கீழே வெறும் மண் வேண்டும். பருந்தின் கண்ணுக்குத் தப்ப மேலே இலைக்கூரை வேண்டும். பஹியா புல்லோ ஃபெஸ்க்யூ புல்லோ பாய் விரித்தாற்போல் அடர்ந்த மேய்ச்சல் நிலத்தில் குஞ்சால் பத்தடிகூட நகர முடியாது. பனியில் நனைந்து விறைத்துச் சாகும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பச்சைப்பசேல் என்ற நல்ல நிலம்.

நீள ஊசியிலை கொண்ட லாங்லீஃப் பைன் காடு ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் இருந்தது. கடந்த நூற்றாண்டின் இறுதியில் 35 லட்சம் ஏக்கருக்கும் கீழே போய்விட்டது. 1966 முதல் நடந்துவரும் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பின்படி பாப்வைட்டில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

#2 பனங்காடன்

நிலம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் வேட்டையை முழுக்க விடுவித்துவிடுகிறீர்கள் அண்ணா. நவம்பரில் சுடுவதும் பிப்ரவரி கடைசியில் சுடுவதும் ஒன்றா? நவம்பரில் விழும் பறவை எப்படியும் குளிரிலோ பருந்திடமோ போகக்கூடியது என்று வாதிடலாம். பிப்ரவரியில் மிஞ்சியிருப்பது குளிரைத் தாண்டி வந்த பறவை. இன்னும் இரண்டு மாதத்தில் கூடு கட்டப் போகிறது. அதைச் சுட்டால் நேரடி இழப்புதான்.

பருந்து, ரக்கூன், பாம்பு, நெருப்பெறும்பு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லையே?

#3 செம்மண்மேடு

பிப்ரவரி பற்றி நீங்கள் சொல்வது சரி, தம்பி. என் பதிவில் அது விடுபட்டுவிட்டது. அதனால்தான் தென்கிழக்கில் நன்றாக நடத்தப்படும் நிலங்களில், இலையுதிர்கால எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை. அடிபட்டுக் கைக்குக் கிடைக்காமல் போகும் பறவையும் அந்த 15-க்குள்தான். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்: பையில் விழுந்ததை மட்டும் எண்ணுவார்கள், புதரில் போய் விழுந்ததை எண்ண மாட்டார்கள்.

ஆனால் வேட்டையைப் பல ஆண்டு நிறுத்திய நிலங்களிலும் காடை திரும்பவில்லை. சுட ஆளே இல்லாத அடர்ந்த பைன் தோட்டத்தில் ஒரு கூட்டமும் இல்லை. துப்பாக்கிதான் முதல் காரணம் என்றால் அங்கே பறவை பெருகியிருக்க வேண்டும்.

கொன்றுண்ணிகள் கூடுகளில் பெரும்பகுதியைக் கலைப்பது உண்மை. பொறி வைத்து ரக்கூனையும் ஒப்போசத்தையும் குறைத்தால் கூடு தேறுவது கூடும். ஆனால் அந்தச் செலவு நல்ல நிலத்தில்தான் பலன் தரும். ஏக்கருக்கு நாலைந்து புல்தூர் மட்டும் இருந்தால் ரக்கூன் அந்த நாலைந்தையும் ஒரே இரவில் முகர்ந்து பார்த்துவிடும். கூடைப்பந்து அளவுள்ள தூர் ஏக்கருக்கு 250-க்கு மேல் இருந்தால் எதில் கூடு என்று தேடி அலைய வேண்டியதுதான். காடை வல்லுநர்கள் அந்த 250-ஐ வலியுறுத்துவது இதனால்தான்.

#4 கணக்குப்புத்தகம்

ஒரு வரலாற்றுக் குறிப்பு. 1930–50களைக் காடை வேட்டையின் பொற்காலம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் காடைக்கென்று யாரும் நிலத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. கோவேறு கழுதை பூட்டி உழுத வாரக் குத்தகைதாரர்களின் சின்னச் சின்ன வயல்கள், களை மண்டிய வரப்பு, ஓராண்டு தரிசு, வேலியோரம் பிளம் புதர், குளிர்காலத்தில் காட்டுக்கு வைத்த தீ. இவற்றின் துணைவிளைவாகத்தான் காடை பெருகியது. டிராக்டர் வந்தது, வயல்கள் ஒன்றாகின, வேலிப்புதர் போயிற்று, களைக்கொல்லி வந்தது, மீதி நிலத்தில் பைன் நட்டார்கள். துணைவிளைவு நின்றுபோனது. இன்று காடை வேண்டுமென்றால் அதற்காகவே ஒருவர் வேலை செய்தாக வேண்டும்.

தீயின் கதை இன்னும் வருத்தமானது. 1924 முதல் 1929 வரை ஜார்ஜியாவின் தாமஸ்வில், ஃபுளோரிடாவின் டலஹாசி வட்டாரத்தில் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்ற வனவிலங்கு ஆய்வாளர் ஆய்வு செய்து, அளவாகத் தீ வைக்காவிட்டால் காடை நிலம் மூடிப்போகும் என்று சொன்னார். வனத்துறை வட்டாரங்களில் அன்று தீ என்றாலே குற்றம். அந்தக் கருத்து மாற ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. அதற்குள் ஸ்வீட்கம், வாட்டர் ஓக் போன்ற அகல இலை மரங்கள் எல்லாம் தலைக்கு மேல் போய்விட்டன. அதே வட்டாரத்தில் 1958-இல் தொடங்கிய டால் டிம்பர்ஸ் ஆய்வு நிலையம்தான் தீ பற்றிய அறிவைக் கட்டிக் காத்தது.

#5 வயர்கிராஸ்

தீ பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் செயல்முறையை எழுதுகிறேன். இணையத்தில் "இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எரியுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தவறு நடப்பதெல்லாம் அதற்குள் இருக்கும் விவரங்களில்தான்.

முதலில் வெளிச்சம். மேலே பைன் விதானம் மூடியிருந்தால் கீழே எரித்தும் பயனில்லை. ஊசியிலைதான் எரியும், புல் முளைக்காது. மரங்களின் அடிப்பரப்பு, அதாவது 4.5 அடி உயரத்தில் எல்லாத் தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பின் கூட்டுத்தொகை, ஏக்கருக்கு 40–60 சதுர அடி இருக்க வேண்டும். அளப்பது எளிது. 10 எண் பிரிசம் (மரம் அளக்கும் கண்ணாடி) ஒன்றைக் கண்முன் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிப் பார்த்து, உள்ளே விழும் மரங்களை எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். ஐந்து மரம் விழுந்தால் 50. லாப்லாலி பைனை ஏக்கருக்கு 600, 700 என்று நட்ட தோட்டம் ஏழெட்டு ஆண்டில் மூடிக்கொள்ளும். அதில் இடையிடையே மரங்களை வெட்டி விற்காமல் காடை பற்றிப் பேச வேண்டாம்.

எவ்வளவு எரிப்பது? ஓர் ஆண்டில் பாதி நிலம், மிஞ்சினால் 60 சதவீதம். மொத்தமாக ஒரு பக்கம் எரித்து மறுபக்கம் விடக் கூடாது. 20 முதல் 50 ஏக்கர் துண்டுகளாக, எரித்ததும் எரிக்காததும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். எரித்த துண்டில் குஞ்சு மேயும். போன ஆண்டு எரித்த துண்டில் தாய் கூடு கட்டும். 300 ஏக்கரை ஒரே நாளில் எரித்தவருக்கு வேலை சீக்கிரம் முடியும், பறவைக்கு ஒதுங்க இடமிருக்காது.

எப்போது? ரெட் ஹில்ஸ் பகுதியில், அதாவது மேலே சொன்ன தாமஸ்வில், டலஹாசி வட்டாரத்தில், மார்ச் முதல் ஏப்ரல் நடுவரை. ஜனவரியில் எரித்தால் குளிர்காலப் பருந்துகள் மிகுந்திருக்கும் வாரங்களில் நிலம் மொட்டையாகக் கிடக்கும். ஸ்வீட்கம் கன்றுகள் அதிகமுள்ள துண்டை மட்டும் ஏப்ரல் கடைசி, மே என்று தள்ளலாம். வளரும் பருவத் தீயில்தான் அதன் வேர் களைக்கும். வயர்கிராஸ் புல் பூத்து விதை வைப்பதும் அப்படிப்பட்ட தீக்குப் பிறகுதான். தண்டு இரண்டு மூன்று அங்குலம் தடித்துவிட்டால் தீ மட்டும் போதாது. வெட்டி, அடிக்கட்டையில் மருந்து பூச வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது: ஈரப்பதம் 30–55 சதவீதம். மரங்களுக்குள் காற்று மணிக்கு 1–3 மைல், திசை மாறாமல். புகை கலந்து எழும் உயரம் 1,700 அடிக்குக் குறையாமல். காற்று போகும் திசையில் நெடுஞ்சாலையோ மருத்துவமனையோ இருந்தால் அன்று வேண்டாம். இரவில் புகை பள்ளத்தில் இறங்கி மூடுபனியோடு சேர்ந்தால் சாலையில் கண்ணே தெரியாது, உயிர்கள் போயிருக்கின்றன. ஃபுளோரிடாவில் அன்றைய அனுமதியை மாநில வனச் சேவையிடம் வாங்கியே ஆக வேண்டும். பயிற்சிச் சான்று பெற்றவருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 1990 சட்டம் அதற்கு வழி செய்தது.

பற்றவைப்பது: 10–12 அடி அகலத்துக்குச் சட்டிக்கலப்பை ஓட்டி மண் தெரியும்படி தீத்தடுப்புப் பட்டை. டிரிப் டார்ச்சில் (எரியும் எண்ணெயைச் சொட்டும் கைக்கருவி) டீசல் மூன்று பங்கு, பெட்ரோல் ஒரு பங்கு. பெட்ரோலைக் கூட்டாதீர்கள். காற்று போகும் பக்கத்து மூலையில் சோதனைத் தீ வைத்து, புகை போகும் விதத்தைப் பாருங்கள். சரியென்றால் அந்தக் கரையோரம் காற்றை எதிர்த்து ஊரும் தீயை முதலில் விட்டு, குறைந்தது 50 அடி கருக விடுங்கள். பிறகு 30–60 அடி இடைவெளியில் பட்டை பட்டையாகப் பின்னோக்கி வாருங்கள்.

பல ஆண்டு எரிக்காத பழைய லாங்லீஃப் மரங்கள் இருந்தால் மிகக் கவனம். அடிமரத்தைச் சுற்றி மட்கு மெத்தை ஓரடிக்கும் மேல் சேர்ந்திருக்கும். மரத்தின் ஊட்டவேர்கள் அதற்குள்ளேயே ஏறியிருக்கும். காய்ந்த நாளில் எரித்தால் அது நாள்கணக்கில் கனன்று, நூறாண்டு மரம் அடுத்த ஆண்டு பட்டுப்போகும். மழை பெய்து மேல்சருகு காய்ந்து, அடிமெத்தை ஈரமாக இருக்கும்போதுதான் எரிக்க வேண்டும். இரண்டு மூன்று தீயில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மெத்தையைக் குறைக்க வேண்டும்.

#6 மேய்ச்சல்நிலம்

வயர்கிராஸ் அக்கா எழுதியது காட்டுக்கு. மேய்ச்சல் நிலமோ கைவிட்ட வயலோ இருந்தால் முதலில் புல்லைக் கொல்ல வேண்டும்.

வட ஜார்ஜியாவில் ஃபெஸ்க்யூ. கோடை முடிவில் அறுத்து வைக்கோலை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் மருந்து காய்ந்த தாளில்தான் விழும். 8–12 அங்குலம் மறுபடி துளிர்த்ததும், கடும் உறைபனிக்கு முன், அக்டோபர்–நவம்பரில் கிளைபோசேட் களைக்கொல்லி ஏக்கருக்கு 2 குவார்ட். கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருந்தால் மருந்து தண்ணீரிலேயே கட்டிக்கொள்ளும். 100 கேலனுக்கு 17 பவுண்டு அம்மோனியம் சல்பேட்டை முதலில் கரைத்துவிட்டு மருந்தை ஊற்றுங்கள். அளவு எதுவானாலும் டப்பாவில் ஒட்டிய சீட்டு சொல்வதே இறுதி. வசந்தத்தில் தப்பியதைத் தேடி மீண்டும் ஒருமுறை.

தெற்கே இறங்கினால் பெர்முடா புல். வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்தான். ஒரே தெளிப்பில் போகும் என்று நம்பாதீர்கள். "அருகுபோல் வேரோடி" என்று நம்மவர்கள் வாழ்த்துவது இதைப் பார்த்துத்தான். இமாசாபைர் என்ற களைக்கொல்லிக்கு இது நன்றாகக் கேட்கும். ஆனால் அந்த மருந்து மண்ணில் தங்கி, ஓக் மரங்களின் வேர் வழியே ஏறி மரத்தைக் கொன்றுவிடும். நிழல் தரும் மரத்தின் வேர் பரவும் வட்டத்துக்குள் அதைத் தெளிக்கவே கூடாது. அருகு உள்ள இடத்தில் சட்டிக்கலப்பையும் ஓட்டாதீர்கள். வெட்டுப்பட்ட ஒவ்வொரு துண்டும் முளைக்கும்.

அடுத்து என்ன விதைப்பது என்று அவசரப்பட வேண்டாம். ஒரு பருவம் சும்மா விட்டுப் பாருங்கள். புரூம்செட்ஜ் புல், பார்ட்ரிட்ஜ் பீ என்ற காட்டுப் பயறுச்செடி எல்லாம் மண்ணிலேயே உறங்கிக்கொண்டிருக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் 4–6 அங்குல ஆழத்துக்கு உழுதால் ராக்வீட் வரும். அது பார்த்தீனியத்துக்குச் சொந்தம். மனிதருக்குத் தும்மல், காடைக் குஞ்சுக்குச் சரியான குடை: மேலே இலை, கீழே வெறுந்தரை, நிறையப் பூச்சி. அதே உழவை ஏப்ரலில் ஓட்டினால் ஜான்சன் புல்லும் கிராப் புல்லும் எழும். கலப்பை ஒன்றுதான், மாதம் மாறியதால் விளைவு மாறுகிறது.

விதைத்தே ஆக வேண்டுமென்றால் லிட்டில் புளூஸ்டெம் கலவை, உயிருள்ள தூய விதைக் கணக்கில் ஏக்கருக்கு 5 பவுண்டு. தூய்மை 60 சதவீதம், முளைப்பு 70 சதவீதம் என்று சீட்டில் இருந்தால் உயிர்விதை 42 சதவீதம்தான். பையிலிருந்து 12 பவுண்டு போட வேண்டும். மாட்டுக்குப் போடுவதுபோல் 10 பவுண்டு உயிர்விதை போட்டால் புல் நெருங்கி, மறுபடி பாய் மாதிரிதான் ஆகும். ஆழம் கால் அங்குலம். பத்தில் எட்டுத் தோல்வி ஆழமாக விதைப்பதால்தான் என்பது என் கருத்து. வரிசையில் கொஞ்சம் விதை வெளியே தெரிந்தால்தான் ஆழம் சரி. விதை பஞ்சுபோல் இருப்பதால் சாதாரண விதைப்பெட்டியில் அடைத்துக்கொள்ளும். நாட்டுப்புல்லுக்கென்று கிளறும் சக்கரம் வைத்த பெட்டி வேண்டும். இமாசாபிக் என்ற இன்னொரு களைக்கொல்லியைத் தெளிக்கப் போகிறவர்கள் கலவையில் சுவிட்ச் புல் சேர்க்காதீர்கள். அது தாங்காது.

முதல் கோடையில் ஒன்றும் தெரியாது. புல் வேர் விட்டுக்கொண்டிருக்கும். உழுது போட்டுவிடாதீர்கள்.

#7 பனங்காடன்

இவ்வளவு வேலைக்குப் பதிலாகப் பண்ணையில் வளர்த்த பாப்வைட்டை ஆயிரம் வாங்கி விட்டால்? விலையும் குறைவாயிற்றே.

#8 செம்மண்மேடு

வேட்டைப் பண்ணைகள் அதைத்தான் செய்கின்றன: காலையில் விடுவது, மாலைக்குள் சுடுவது. அது ஒரு தொழில், அவ்வளவுதான். பெருகும் என்று நினைத்து விட்டால் பெரும்பாலானவை சில வாரத்தில் முடிந்துவிடும். பருந்தைக் கண்டால் உறையவும், கூட்டம் சேர்ந்து ஒதுங்கவும் அவற்றுக்குப் பழக்கம் இல்லை. அம்மை போன்ற நோய்களையும் காட்டுப் பறவைக்குக் கொண்டுவரலாம். கொன்றுண்ணிகளுக்கு அந்த நிலத்தில் எளிதில் இரை கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்ததாகவும் ஆகும்.

காட்டுப் பறவைகளைப் பிடித்து வேறிடத்தில் விடுவது நடக்கிறது, பலனும் தந்திருக்கிறது. ஆனால் அதற்கு மாநில அனுமதி வேண்டும், ஏறக்குறைய 1,000–1,500 ஏக்கர் தொடர் நிலம் முன்பே தயாராக இருக்க வேண்டும். 50 ஏக்கர்காரர் தனியாக என்ன செய்தாலும் ஒரு கூட்டம், இரண்டு கூட்டம். ஒரு கடுங்குளிரில் அதுவும் போகும், பக்கத்திலிருந்து வந்து நிரப்பப் பறவை இருக்காது. அண்டை நிலத்துக்காரரைப் பேசிச் சேர்ப்பதுதான் அங்கே முதல் வேலை.

#9 கணக்குப்புத்தகம்

வேட்டைக்காரர் குறைந்ததைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

1937-இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைக்குப் போகிறது. பங்கீட்டில் பாதி மாநிலத்தின் பரப்பைப் பொறுத்தது, பாதி உரிமம் வாங்கியவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. திட்டச் செலவில் நான்கில் ஒரு பங்கை மாநிலம் போட வேண்டும். அது பெரும்பாலும் உரிமக் கட்டணத்திலிருந்தே வருகிறது. காடை குறைந்தால் பாயிண்டர், செட்டர் போன்ற வேட்டை நாய் வளர்ப்பவர் கைவிடுகிறார், உரிமம் வாங்குவதில்லை, மாநிலத்தின் பங்கு இரண்டு வழியிலும் இறங்குகிறது, எரிக்கவும் உழவும் ஆள் குறைகிறது.

தனியார் நிலத்தில் இது இன்னும் பட்டவர்த்தனம். ரெட் ஹில்ஸில் சுமார் 3 லட்சம் ஏக்கர் இன்னும் திறந்த பைன் காடாக நிற்பது அங்கே காடை வேட்டை உயிரோடு இருப்பதால்தான். செங்கொண்டை மரங்கொத்தி தனியார் நிலத்தில் மிகுதியாக வாழ்வதும், பாக்மன் குருவி பாடுவதும் அந்தத் தீயின் தயவில். வேட்டை பிடிக்காதவர்களிடமும் இதைச் சொல்கிறேன்: அந்த நிலத்தை அடுத்த தலைமுறை விற்றால் வீட்டுமனைதான்.

வேளாண் நிலத்துக்கு ஒரு வழி உண்டு. 2004-இல் வந்த, அமெரிக்க வேளாண் துறையின் சிபி33 திட்டத்தில் வயலோரம் 30 முதல் 120 அடி அகலப் பட்டையைப் பயிரிடாமல் விட்டால் வாடகை தருகிறார்கள். மரநிழலும் வேர்ப்போட்டியும் உள்ள ஓரத்தில் மகசூல் எப்படியும் குறைவு. விவசாயியிடம் பறவையைப் பற்றிப் பேசுவதைவிட அந்த ஓரத்தின் விளைச்சல் கணக்கைக் காட்டினால் சீக்கிரம் ஒத்துக்கொள்வார். ஆனால் பட்டையை விட்டுவிட்டு ஜூலையில் "அழகாக" வெட்டிவிடுகிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை கூடு இருக்கும். அப்போது வெட்டினால் கூடும் தாயும் சேர்ந்து போகும்.

#10 நெல்லைவாசி

இதே முறையில் நம் பக்கம் கௌதாரிக்கு ஏதாவது செய்ய முடியுமா? வேலிப்புதரெல்லாம் போய், சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது.

#11 வயர்கிராஸ்

நிலம் மூடிப்போவது என்ற நோய் ஒன்றுதான், மருந்து வேறு தம்பி. மேலே எழுதிய தீ, மருந்து அளவு எதையும் அங்கே எடுத்துப் போகாதீர்கள். மண், புல், மழை, சட்டம் எல்லாமே வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே கௌதாரியைச் சுடுவதும் கண்ணி வைப்பதும் குற்றம். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பது, வரப்புப் புதரை விடுவது பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

#12 மேய்ச்சல்நிலம்

ஒரு கேள்வி. எல்லாம் செய்துவிட்டுப் பறவை கூடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஜூனில் சேவல் "பாப்-வைட்" என்று கூவுவதை எண்ணினால் போதாதா?

#13 செம்மண்மேடு

ஜூன் கூவல் இணை தேடும் சேவலை மட்டும் காட்டும். குஞ்சு தேறியதா என்று சொல்லாது. இலையுதிர்காலக் கூட்டக் குரலை எண்ண வேண்டும்.

500 மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைபடத்தில் குறியுங்கள். 62 ஏக்கர் வரும். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒருவர், மொத்தம் நால்வர். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். காற்றில்லாத, மேகமில்லாத விடிகாலை. சூரிய உதயத்துக்கு 45 நிமிடம் முன்பே போய் அசையாமல் நிற்க வேண்டும். "கொய்-லீ" என்று ஓங்கிய குரல், படுத்த இடத்திலிருந்தே வரும், கொஞ்ச நேரம்தான். குரல் வந்த திசை, நேரம், தோராயத் தூரம் மூன்றையும் அந்தக் கணமே தாளில் குறியுங்கள். நால்வர் கோடும் வெட்டும் இடத்தில் ஒரு கூட்டம். ஒரே கூட்டத்தை இருவர் இரண்டாக எழுதுவதுதான் வழக்கமான தவறு. கைக்கடிகாரங்களை முதலிலேயே ஒன்றாக வைத்துக்கொண்டால் அது குறையும். எல்லாக் கூட்டமும் குரல் கொடுக்காது. கூட்டம் குறைந்த இடத்தில் பதில் குரலும் குறைவதால், அங்கே கிடைக்கும் எண் உண்மையைவிடச் சிறியது.

கூட்டத்துக்குச் சராசரி 12 பறவை என்று பெருக்குங்கள். நான்கு கூட்டம் என்றால் 48. அதில் 15 சதவீதம் ஏழு. அடிபட்டுத் தொலைவதையும் சேர்த்து. அந்த 62 ஏக்கரில் அந்தப் பருவத்துக்கு ஐந்துக்கு மேல் கையில் வரக் கூடாது. நிலத்தில் வேலை தொடங்குவதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே முதல் எண்ணிக்கையை எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டும் அதே நான்கு புள்ளி, அதே வாரம், முடிந்தால் அதே நால்வர்.